உட்கார்ந்து எடுத்த அளவு

ஊசி பிடித்துப் பிழைக்கும் என் சகோதரர்களே, முதலில் ஒரு கேள்வி. நீங்கள் தைத்துக் கொடுத்த உடுப்பைப் போட்டுக்கொண்டு அந்தப் பெண் எங்கே போகிறாள், என்ன செய்யப் போகிறாள் என்று உங்கள் வாழ்நாளில் ஒரு தடவையாவது கேட்டதுண்டா? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். கழுத்தளவு கேட்டிருப்பீர்கள். கை நீளம் கேட்டிருப்பீர்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் வேண்டுமா, அன்று காலையில் கிடைத்தால் போதுமா என்றும் கேட்டிருப்பீர்கள். நானும் நெடுங்காலம் அவ்வளவுதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தையல் என்பது நிற்கிற மனிதரை அளந்து, நாள் முழுவதும் நிற்காத மனிதருக்கு உடுப்புக் கொடுக்கும் தொழில். இந்த உண்மையை எனக்குக் கற்பித்தது வேதபாடமும் அல்ல, தொழில் சொல்லித்தந்த ஆசானும் அல்ல. ஒரு மோட்டார் சைக்கிளும், அதன்மேல் ஏறி உட்கார்ந்த ஒரு நர்ஸும்தான்.

எல்லைப் போராட்டம் நடந்த ஆண்டுகள் அவை. உதியன்குளங்கரை முக்கில் என் கடை. எதிரே கேசவபிள்ளையின் சாயாக்கடை. அங்கே இரண்டு பெஞ்சுகள் கிடந்தன. ஒன்றில் நம் தாலுகா தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்பவர்கள். அவர்களுக்குத் தலைவர் ஆரம்பப் பள்ளி ஆசிரியர் நேசையன் சார். மற்றதில் அது இருந்த இடத்திலேயே, மலையாள நாட்டோடு, இருக்கவேண்டும் என்பவர்கள். அவர்களுக்குத் தலைவர் கடைக்காரர் கேசவபிள்ளையே. இரண்டு பெஞ்சுக்கும் சாயா ஒரே கெட்டிலிலிருந்துதான் போயிற்று. அதை மட்டும் எவரும் பிரிக்கச் சொல்லவில்லை. நான் சபையில் டீக்கன். ஞாயிறு பள்ளியில் உவமை சொல்லுபவன். ஆகவே இரு பெஞ்சுக்கும் பொதுவானவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. உண்மையில் இரு பெஞ்சுக்கும் பயந்தவன்.

பழைய ரவிக்கை

எங்கள் பக்கத்தில் அந்நாளில் பெண்கள் அளவு கொடுக்கத் தையல்கடைக்கு வருவதில்லை. பழைய ரவிக்கை ஒன்றைக் காகிதத்தில் பொதிந்து யாரிடமாவது கொடுத்தனுப்புவார்கள். அதுதான் அளவு. அந்த ரவிக்கையும் அதற்கு முந்திய ரவிக்கையைப் பார்த்துத் தைத்ததாக இருக்கும். இப்படியே பின்னோக்கிப் போனால் முதல் ரவிக்கையைக் கண்டவர் எவரும் உயிரோடு இருக்கமாட்டார். பெண் பருத்தாலும் மெலிந்தாலும் அளவு மாறாது. எங்கள் தொழிலில் இதற்கு மரியாதை என்று பெயர்.

ரத்தினபாயும் அப்படித்தான் ஒரு ரவிக்கை அனுப்பினாள். அவள் மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கும் நர்ஸ். யுத்தம் முடிந்து அங்கிருந்த வெள்ளைக்கார டாக்டரம்மாள் தம் நாட்டுக்குத் திரும்பியபோது, தம்முடைய மோட்டார் சைக்கிளை ஆஸ்பத்திரிக்கே விட்டுச் சென்றார். அதன் இருக்கையில் ஒரு கோழி நெடுநாள் அடைகாத்தது. பிறகு போராட்டம் சூடாயிற்று. பஸ்கள் நினைத்தால் ஓடின, நினைத்தால் நின்றன. பேறுகால வலியோ பஸ் வரும் நேரம் பார்த்து வருவதில்லை. ரத்தினபாய் கோழியை இறக்கிவிட்டுத் தான் ஏறினாள். ஆஸ்பத்திரி மைதானத்தில் இரண்டு முறை விழுந்தாள். மூன்றாம் முறை சாலைக்கு வந்துவிட்டாள்.

அவள் அனுப்பிய பழைய ரவிக்கையோடு, ‘கை கொஞ்சம் லூசாக’ என்று ஒரு துண்டுக் காகிதமும் இருந்தது. நான் அரை அங்குலம் தயவு காட்டினேன். ஒரு வாரத்தில் நேரில் வந்து, அந்த ரவிக்கையை என் மேசைமேல் போட்டாள். கைப்பிடியை எட்டிப் பிடித்தபோது இரண்டு அக்குளும் ஒரே நேரத்தில் கிழிந்திருந்தன. குளத்தூரிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் திரும்பும்வரை ஒரு கையால் துணியையும் மறு கையால் வண்டியையும் பிடித்துக்கொண்டு வந்தாளாம்.

“அண்ணே, நீங்க தச்சது கொழம்பு ஊத்துத பெண்ணுக்குச் செரி. நான் ஊத்துதது பெட்ரோலாக்கும்.”

சுவரைப் பார்த்து நின்றவன்

அடுத்த நாள் வண்டியையே என் கடை வாசலில் நிறுத்தி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். “நிண்ணா ஒரு அளவு, இருந்தா வேற அளவு. எனக்கு நிக்கதுக்கு உடுப்பு வேண்டாம். இப்பிடியே எடுங்க” என்றாள். நான் தொழிலுக்கு வந்த நாள்முதல் ஒரு பெண்மேல் டேப்பு வைத்ததில்லை. என் மனைவி தாயம்மாளை அழைத்தேன். அவள் அளக்கவேண்டும், நான் சுவரைப் பார்த்து நின்று எழுதவேண்டும். ஒழுக்கத்துக்கும் தொழிலுக்கும் நடுவே இதைவிட நல்ல உடன்படிக்கை இருக்க முடியாது என்று நினைத்தேன்.

தாயம்மாளுக்கு டேப்பிலுள்ள எண்கள் தெரியாது. முடிந்த இடத்தை விரலால் கிள்ளிப் பிடித்துக்கொண்டு, வண்டியைச் சுற்றிவந்து என் தோளுக்கு மேலாக நீட்டுவாள். வந்து சேருவதற்குள் விரல் நகர்ந்துவிடும். பிறகு நூலில் முடிச்சுப் போடச் சொன்னேன். ஏழு அளவுக்கு ஏழு நூல் வந்தது. எது தோள், எது தொடை என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. இதற்குள் எதிர்க்கடையின் இரண்டு பெஞ்சும் காலியாகி, எல்லாரும் சாயா கிளாசோடு சாலையோரம் வந்து நின்றார்கள். பல மாதங்களுக்குப் பிறகு இரு கட்சியும் ஒரே திசையில் பார்த்தது அன்றுதான்.

ஆனாலும் அந்த நூல்கள் எனக்கு ஒன்றைச் சொல்லின. கைப்பிடியைப் பற்றிக் குனிந்து உட்கார்ந்த பெண்ணின் முதுகு, நிற்கும் பெண்ணின் முதுகைவிட நான்கு விரற்கடை நீளம். நான் அதுவரை தைத்த அத்தனை ரவிக்கைகளும் நிற்பதற்கென்றே பிறந்த பெண்களுக்கானவை! இந்தப் பேருண்மையில் ஆழ்ந்து நான் அப்படியே நின்றுகொண்டிருந்தபோது, பின்னாலிருந்து தாயம்மாளின் குரல் வந்தது.

“அந்தச் செவரை அளந்து முடிஞ்சுதுண்ணா இங்கோட்டுத் திரும்பும்.”

இரண்டு பெஞ்சு, ஒரு தீர்மானம்

உடுப்பை யோசித்து யோசித்து உருவாக்கினேன். முழங்கால்வரை தளர்ந்த மேல்சட்டை. முதுகில் இரண்டு மடிப்பு, குனிந்தால் விரியும், நிமிர்ந்தால் மூடும். அக்குளில் ஒரு சதுரத்துண்டு வைத்துத் தைத்தேன். கீழே பைஜாமா, கணுக்காலில் பட்டி வைத்துப் பொத்தான். உட்காரும் இடத்தில் தையல் உறுத்தாதபடி அதை மடித்துத் தட்டையாக்கினேன். வலது காலின் உட்புறம் புகைக்குழாய்ச் சூடு படும் என்று அவள் சொன்னதால் அங்கே கான்வாஸ் ஒட்டு. சொந்தப் புகழ் பேசக்கூடாது. ஆனாலும் அது நல்ல உடுப்பு.

வெட்டிய துணி மேசையில் கிடக்கும்போதே நேசையன் சார் வந்தார். “ஓய் டீக்கனாரே, தமிழச்சிக்கு அடையாளம் சேலையாக்கும். இவ பைஜாமா உடுத்திக்கிட்டுத் திரிஞ்சா, நாளைக்கு எல்லையைப் பாக்க வாற அதிகாரி இது எந்த நாட்டுப் பெண்ணுண்ணு கேப்பான். நாம என்ன சொல்லது? பஞ்சாபுண்ணா?” என்றார். அவர் படியிறங்கும் முன்பே கேசவபிள்ளை துண்டை உதறிக்கொண்டு ஏறினார். “டெய்லரே, பெண்ணு ரண்டு காலும் ரண்டு பக்கமிட்டு இருக்குக! நம்முடெ சம்ஸ்காரம் எவிடெப் போகும்?” என்றார். சார் நின்றார். திரும்பினார். “பிள்ளை சொல்லது செரிதான்” என்றார். ஆண்டுக்கணக்கில் எந்த ஊர் எங்கே போகவேண்டும் என்று ஒத்துப்போகாத இருவரும், ஒரு பெண்ணின் கால் எங்கே போகவேண்டும் என்பதில் ஒரு நொடியில் ஒத்துப்போனார்கள்.

இங்கேதான் நான் தவறினேன், சகோதரரே. இரு பெஞ்சையும் திருப்தி செய்ய, பைஜாமாவுக்கு மேலே இடுப்பிலிருந்து கணுக்கால்வரை தொங்கும் ஒரு மறைப்புத் துணியைத் தைத்துச் சேர்த்தேன்; முன்னால் சேலைக் கொசுவம்போல் மடிப்பு, இடப்பக்கம் தளர்ந்த தொங்கல். ரத்தினபாய் அதைக் கண்டதும் முகம் சுளித்தாள். நான் ஓர் உவமை எடுத்துவிட்டேன்: “சிஸ்டர், காற்றில் கொண்டுபோகும் விளக்குக்கு ஒரு மூடி வேண்டும், இல்லையேல் சுடர் நில்லாது.” அவள், “மூடி துணியாயிருந்தா வெளக்கு அதையும் சேத்து எரிச்சுப்போடும் அண்ணே” என்றாள். “மாரை மறைக்க மேல்துணி உடுக்கதுக்கு எனக்க வம்சத்துப் பெண்ணுவ அடி வாங்கினாவ. இப்பம் காலுக்குத் துணி உடுக்கதுக்கு நான் ஏச்சு வாங்குதேன்” என்றும் சொன்னாள். நான் கேட்கவில்லை. ‘சபையார் பார்க்கிறார்கள், ஊரார் பார்க்கிறார்கள்’ என்று ஒரு பிரசங்கமே செய்து முடித்தேன். அவள் உடுப்பை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வாசலில் நின்று கேட்டாள்.

“செரி அண்ணே. இந்தத் தொங்கல் ஆருக்காக்கும் தச்சது, எனக்கா, அந்த பெஞ்சுக்கா?”

சங்கிலியில் போன துணி

அது நடந்தது அந்த வாரமே, ஒருநாள் நடுப்பகலுக்கு முன்னால். குளத்தூருக்கு அப்பால் ஒரு வீட்டில் தலைப்பிரசவம் என்று ஆள் ஓடிவந்தார். ரத்தினபாய் கிளம்பினாள். செம்மண் வெட்டிய இறக்கத்தில் காற்று அடித்தது. நான் பக்தியோடு தைத்த தொங்கல் பறந்து சங்கிலியில் போய்ச் சுற்றிக்கொண்டது. சங்கிலி துணியை இழுக்க, துணி அவளை இழுக்க, வண்டி சரிந்தது. முழங்கையும் முட்டும் உரிந்தன. அது பெரிதல்ல. துணி பற்சக்கரத்துக்குள் கயிறாய் முறுக்கிக்கொண்டு வரமாட்டேன் என்றது. தொப்புள்கொடி அறுக்கும் கத்திரியை எடுத்து, எண்ணெயும் அழுக்குமான அந்தத் துணியைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்தாள். அதன்பிறகு அந்தக் கத்திரி அப்படியே பிரசவத்துக்கு ஆகாது. அங்கே போய் மறுபடியும் வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைக்க வேண்டியிருந்தது.

அவள் போய்ச் சேர்ந்தபோது அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் செய்துகொண்டிருந்தார்கள். கொடி குழந்தையின் கழுத்தைச் சுற்றியிருந்தது. தாய் பிழைத்தாள். குழந்தை அழவில்லை.

மறுநாள் கடைக்கு வந்து, கருத்த துணித்துண்டுகளை ஒரு காகிதத்தில் பொதிந்து என் மேசையில் வைத்தாள். எனக்கு அது முதலில் அளவு ரவிக்கைபோலத் தோன்றியது. பிரித்துப் பார்த்தேன். “நேரத்தோடு போய்ச் சேர்ந்திருந்தால் அந்தப் பிள்ளை பிழைத்திருக்குமா?” என்று மட்டும் கேட்டேன். அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

“அது எனக்குத் தெரியாது அண்ணே. துணி வெட்டின நேரமும், கத்திரியை ரெண்டாமது அவிச்ச நேரமும் மட்டுந்தான் எனக்குத் தெரியும்.”

யாருக்கும் சொந்தமில்லாத நிறம்

அந்தத் துண்டுகளில் பெரியதொன்றை என் கடைச் சுவரில் ஆணியடித்து மாட்டினேன். கேட்டவர்களுக்கெல்லாம் அது என்னவென்று சொன்னேன். இரண்டு பெஞ்சிலிருந்தும் ஆட்கள் வந்து கேட்டார்கள். கேட்டவர்கள் பிறகு கொஞ்ச நாள் என் கடைக்கு வரவில்லை. புதிய உடுப்புக்குத் தொங்கல் கிடையாது என்று முடிவாயிற்று. ஆனால் என்ன நிறம்? முதலில் காக்கி தைத்தேன். உழைக்கும் துணி, அழுக்குக் காட்டாது. முதல் நாளே அவள்மீது கல் விழுந்தது. தூரத்தில் காக்கியைக் கண்டதும் போலீஸ் வண்டி என்று நினைத்துவிட்டார்கள். கல் எறிந்தவர்கள் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டு, காயத்துக்கு மருந்து போட அவளையே மிஷன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்கள்.

பிறகு ஒவ்வொரு நிறமாக யோசித்தோம். சிவப்பு ஒரு கட்சிக்கொடி. பச்சை இன்னொரு கட்சிக்கொடியில் பாதி. மஞ்சளுக்கும் ஆள் இருந்தார்கள். கறுப்பு போட்டால் எதிர்ப்புக் காட்டுகிறாள் என்பார்கள். ஆனால் எதை எதிர்க்கிறாள் என்று இரு பெஞ்சும் அடித்துக்கொள்ளும். வெள்ளை மூன்றாம் மைலில் செம்மண்ணாகிவிடும். கடைசியில் சாயக்காரரிடம் சொல்லிக் கத்தரிப்பூ நிறத்தில் முக்கி எடுத்தோம். நம் தாலுகாவில் எவரும் இதுவரை உரிமை கொண்டாடாத நிறம் அது ஒன்றுதான். அதைப் போட்டுக்கொண்டு அவள் முதன்முதல் போனபோது, சாலையை மறித்து நின்ற தொண்டர் ஒருவர் உடுப்பை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கம்பை விலக்கினார்.

“போங்க சிஸ்டர். இந்தக் கலர்ல ஒரு கட்சி முளைக்கதுவரைக்கும் உங்களுக்கு ஒரு தடையும் இல்லை.”

பதினொரு பை

பெண்ணின் உடுப்புக்குப் பை வைப்பதில்லை என்பது எங்கள் தொழிலின் இன்னொரு வேதவாக்கு. ஆணுக்குச் சட்டையில் இரண்டு; பெண்ணுக்கு முந்தானை முடிச்சு. ரத்தினபாய் கேட்டது பதினொன்று. கத்திரிக்கு ஒரு தகரப்பெட்டி, அது உருளாதபடி நெஞ்சோரம் ஒரு பை. நூல், சோப்பு, மருந்துப் புட்டி, டார்ச், வண்டியின் பிளக்கைக் கழற்றும் சாவி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. ஒவ்வொன்றும் இருட்டிலும் கைதட்டுப்படும் இடத்தில் இருக்கவேண்டும். விழுந்தாலும் திறவாத பொத்தான் வேண்டும். காஜா அடித்தே என் விரல்கள் வீங்கின. ஆனால் ஒரு பையையும் சும்மா வைத்தேன் என்று சொல்ல முடியாது.

பனச்சமூட்டில் ஒரு போலீஸ்காரர் அவளை நிறுத்தினார். ஒரு பெண்ணின் உடுப்பில் இத்தனை பை இருந்தால் அத்தனையிலும் துண்டுப்பிரசுரம் இருக்கும் என்பது அவர் கணக்கு. அவள் இறங்கி, ஒவ்வொரு பையிலிருந்தும் ஒவ்வொன்றாய் எடுத்து அவர் கையில் வைத்தாள். பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் சுற்றி நின்று பார்த்தது. தகரப்பெட்டியைத் திறந்து, “இதெந்தா?” என்றார். “சாரைப் பெத்தப்பம் சாருக்க அம்மைக்கும் சாருக்கும் நடுவில இருந்ததை அறுத்தது இதுபோல ஒண்ணாக்கும். தொடாண்டாம், பின்னே நான் அதை அவிக்கணும்” என்றாள். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, பெட்டியை இரண்டு கையாலும் ஏந்தித் திருப்பிக் கொடுத்தார்.

இந்தச் செய்தி எனக்கு வந்த விதம்தான் வேடிக்கை. அடுத்த வாரம் என் கடைக்கு அளவு ரவிக்கைகள் வழக்கத்தைவிட அதிகமாக வந்தன. ஒவ்வொன்றோடும் ஒரு துண்டுக் காகிதம்: ‘உள்ளே ஒரு பை, வெளியே தெரியவேண்டாம்.’ பாடகர் குழுவில் பாடும் ஓர் அம்மாள் நேரிலேயே வந்துவிட்டாள். எதை வைக்கப் போகிறீர்கள் என்று, கேட்கக்கூடாத கேள்வியை நான் கேட்டுவிட்டேன்.

“டீக்கனாரே, உங்க சட்டைப் பையில என்ன உண்டுண்ணு நான் எப்பமாவது கேட்டேனா?”

ஊசி போகக்கூடாத துணி

மழைக்கு என்ன செய்வது? குடை பிடித்தால் கைப்பிடி போய்விடும். பிரசவத்துக்கு விரிக்கும் ரப்பர் சீட்டு ஒன்று அவளிடம் உண்டு. போகும்போது அதை மழைக்கோட்டாகப் போர்த்திக்கொண்டு, போனபின் கழுவி விரிக்கலாம் என்று அவளே வழி சொன்னாள். நான் மகிழ்ச்சியோடு வாங்கி, கழுத்துப்பட்டி வைத்து, தோளில் மடிப்பு வைத்து, ஓரமெல்லாம் இரட்டைத்தையல் போட்டு, ஞாயிறுச் சட்டைபோல் அழகாக முடித்தேன். முதல் மழையில் அவள் முழுவதும் நனைந்து வந்தாள். ஊசி போன இடமெல்லாம் துளை; துளை இருந்த இடமெல்லாம் தண்ணீர். எங்கே அழகு அதிகமோ அங்கே ஒழுக்கும் அதிகம்.

இதிலே ஓர் உவமை இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் நனைந்து நிற்பவளிடம் அதைச் சொல்லக்கூடாது என்பதும் அதற்குள் தெரிந்திருந்தது. தையலையெல்லாம் பிரித்து, துளைகளில் மெழுகு உருக்கி அடைத்து, கழுத்தில் கட்ட ஒரு நாடா மட்டும் வைத்துக் கொடுத்தேன். அவள் கட்டிப்பார்த்துத் தலையசைத்தாள்.

“இனி ஒண்ணும் செய்யாண்டாம் அண்ணே. இதுக்குமேல தச்சா இது உடுப்பாயிப்போவும்.”

பின்னால் உட்கார்ந்த சார்

இனி வருவதுதான் நான் சொல்லவந்தது. ஒருநாள் காலை சாலைமறியல். நேசையன் சாரின் ஆட்கள் குளத்தூர்ச் சாலையில் ஓர் அயனிமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். எந்த வண்டியும் போகக்கூடாது என்பது தீர்மானம். அதை எழுதியவர் சார். மழை தூறிக்கொண்டிருந்தது. ரத்தினபாய் தன் இரண்டாவது கத்தரிப்பூ உடுப்பை வாங்க என் கடையில் நின்றாள். அப்போது எதிர்க்கடையில் கேசவபிள்ளை கெட்டிலை அப்படியே அடுப்பில் விட்டுவிட்டு ஓடிவந்தார். குளத்தூருக்கு அப்பால் கட்டிக்கொடுத்த அவர் மகளுக்கு விடியற்காலை முதல் வலி; பிள்ளை இன்னும் இறங்கவில்லை என்று ஆள் வந்து சொல்லிவிட்டார். அந்த ஆள் மரத்தைத் தாண்டி நடந்தே வந்தவர்.

சார் அவருடைய பெஞ்சில்தான் இருந்தார். எழுந்து வந்தார். “நான் ஒரு எழுத்துத் தாறேன். காட்டினா விடுவாங்க” என்றார். “மழையில எழுத்து நிக்காது சாரே. நீங்க வாங்க. ஏறுங்க” என்றாள் ரத்தினபாய். சார் வண்டியைப் பார்த்தார், தம் வேட்டியைப் பார்த்தார். ஒருபக்கமாய்க் கால்போட்டு உட்காரப் போனார். அவள் எஞ்சினை நிறுத்திவிட்டாள். “தொங்குத துணியோட எனக்க பின்னால ஆரையும் ஏத்த மாட்டேன்” என்றாள். சாரின் பார்வை என் சுவரில் தொங்கிய கறுத்த துண்டின்மேல் போய் நின்றது. அவர் அதன் கதையை அறிவார். கேசவபிள்ளை கைகூப்பிக்கொண்டு நின்றார். நான் மேசையிலிருந்த இரண்டாவது பைஜாமாவை எடுத்து நீட்டினேன். சார் அதை வாங்கிக்கொண்டு என் கடைத் தட்டிக்குப் பின்னால் போனார். வெளியே வந்தபோது, கத்தரிப்பூ நிறத்தில், இரண்டு காலும் இரண்டு பக்கமிட்டு, ஒரு பெண்ணுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தார். இரண்டு பெஞ்சும் எழுந்து நின்றன. ஒருவரும் சிரிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

மரத்தருகில் நடந்ததைச் சார் சொல்லவில்லை, ரத்தினபாய் சொன்னாள். ரப்பர் சீட்டின் பாதியைப் போர்த்திக்கொண்டு வந்த தலைவரை அவருடைய ஆட்களுக்கு அடையாளம் தெரியவில்லை. “எலே, இது ஆருலே பின்னால, கத்திரிக்கா மூட்டை?” என்று ஒருவன் கம்போடு வந்தான். சார் சீட்டை விலக்கி முகத்தைக் காட்டினார். “மக்கா, வண்டியைத் தூக்குங்க” என்றார். அவன் சார் முகத்தையும் பைஜாமாவையும் மாறி மாறிப் பார்த்து, “சாரே, இது நம்ம தீர்மானத்துல உண்டா?” என்றான். “இப்பம் சேத்தாச்சு” என்றார் சார். எட்டுப்பேர் சேர்ந்து வண்டியை மரத்துக்கு மேலாகத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள்.

இந்தக் குழந்தை அழுதது. பெண்குழந்தை. கொடியை அறுத்த கத்திரி ஒரே ஒரு தடவைதான் கொதித்தது.

மறுநாள் கேசவபிள்ளை என் கடைக்குச் சாயாவைத் தாமே கொண்டுவந்தார். மனம் மாறியிருப்பார் என்று எதிர்பார்த்து, ஒரு நல்ல உவமையைத் தயாராக வைத்திருந்தேன். அவர் சுவரில் இருந்த துண்டைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு என் மேசையில் வெட்டிக்கிடந்த பைஜாமாவைப் பார்த்தார். கிளாசை வைத்தார்.

“டெய்லரே, உடுப்பு மோசம் தன்னே. பட்சே, அவள் சமயத்துக்கு வந்நல்லோ.”

இன்றைக்கு

கடைசியில் எல்லை ஒரு கோடாக விழுந்தது. சில தாலுகாக்கள் தமிழ்நாட்டுப் பக்கம் போயின. நாங்கள் இந்தப் பக்கமே நின்றோம். இரண்டு பெஞ்சுக்கும் முழுத்திருப்தி இல்லை. ரத்தினபாய் மட்டும் கோட்டின் இரு பக்கமும் அதே கத்தரிப்பூ உடுப்பில் போய்வந்தாள். எந்தப் பக்கத்துக் குழந்தையும் பிறக்கும் முன் எல்லைக் கல்லைக் கேட்கவில்லை. சார் அந்தப் பைஜாமாவைத் துவைத்து, பெட்டிபோட்டு, ஒரு மாதம் கழித்துத்தான் திருப்பிக் கொடுத்தார். ஏன் அவ்வளவு தாமதம் என்று நான் கேட்கவில்லை. நான் கேட்கவேண்டிய கேள்வி வேறு என்று அதற்குள் கற்றிருந்தேன்.

இப்போது என் கடை வாசலில் பெண்பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் பறக்கிறார்கள். எவரும் பெஞ்சைக் கேட்பதில்லை, சந்தோஷம். ஆனால் அவர்களின் துப்பட்டா தோளிலிருந்து பின்சக்கரம்வரை தொங்கிக்கொண்டு போகிறது. அதைக் காணும்போதெல்லாம் நான் எழுந்து நின்று கத்துகிறேன். அவர்கள் எனக்குக் கையசைத்துவிட்டுப் போகிறார்கள்.

இத்தனை ஆண்டில் நான் அறிந்ததெல்லாம், பார்க்கிறவர்களுக்காகத் தைத்த துணி முழுவதும் போட்டவளின் சக்கரத்தில்தான் போய்ச் சுற்றுகிறது என்பதே.

ஆகையால், சகோதரரே, இன்று கடை அடைக்கும் முன் ஒரு முக்காலியை மேசைக்கு அருகில் போடுங்கள். அடுத்து வரும் பெண்ணை அதில் உட்காரவைத்து, எங்கே போகிறாய் என்று கேட்டுவிட்டு அளவெடுங்கள். சகோதரிகளே, நீங்கள் இன்றே, இப்போதே, வண்டியை உதைக்கும் முன் தொங்கும் நுனியை எடுத்து இடுப்பில் செருகுங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள். எங்கோ ஒருத்தி வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு உங்களுக்காகக் காத்திருப்பது இன்றாகவே இருக்கலாம்.